ஏட்டில் உறங்கும் முன்னோர்

கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகையில், பாட்டனாரின் கல்லறையோடு நம் கை நின்றுவிடுகிறது. அவர்தம் தந்தையாரை எங்கே அடக்கம் செய்தனர் என்பதை வீட்டில் எவரும் அறியார். ஏழைக்குக் கல் நாட்டுவார் யார்? மண்மேட்டில் ஊன்றிய மரச்சிலுவை சில மழைக்காலங்களிலேயே மட்கிப் போயிருக்கும்.

கல் இல்லாதவருக்கும் பங்கின் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஆனால் அவ்வரியை நாம் கண்டும் காணாமல் கடந்து விடுதல் எளிது. வீட்டில் இராயப்பன் என அழைக்கப்பட்டவரைப் பிரெஞ்சுக் குருவானவர் பியேர் என்று எழுதியிருக்கலாம். இலத்தீனில் பெத்ருஸ் ஆகியிருக்கலாம். சின்னப்பன் போல் ஆவார், அருளப்பன் ழான் ஆவார், யாகப்பன் ழாக் ஆவார். ஒரே பக்கத்தில் பல பியேர்கள் இருந்தால் நம்மவர் எவர்? அடக்க ஏடு பேசாவிடில் திருமண ஏட்டைப் பார்க்க வேண்டும். பெற்றோர் பெயர் ஆங்கே கிடைப்பதுண்டு.

செல்வாக்குடையோருக்கு இத்தொல்லை இல்லை. கும்பினியின் தலைமைத் துபாஷியான கனகராய முதலியார் பிரெஞ்சுத் தாள்களில் பெத்ரோ எனப்படுகிறார். இளமையில் இறந்த மகனின் நினைவாக அவர் ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா ஆலயத்தை 1745-ல் எழுப்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் தாமும் மறைந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இவற்றையெல்லாம் நமக்குச் சொல்லுகிறது. சமயத்தால் வேறுபட்டவர், பதவிக்குப் போட்டியாளர். அவர் எழுத்தினாலன்றோ இக்கத்தோலிக்கரை நாம் இவ்வளவு அறிகிறோம்! அவர் காலத்துக் கூலிக்காரக் கிறிஸ்தவரைக் குறித்து இப்படி எழுதி வைப்பார் யாருமில்லை.

போரும் தன் பங்கைச் செய்தது. 1761-ல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது சம்பா கோவிலும் வீழ்ந்தது. இன்றைய பேராலயம் 1791-ல் நிறைவுற்றது.

பிற்காலத்தில் வேறொரு தடையும் எழுந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. தந்தைக்கு இல்லாத பெயர் மகனுக்கு வந்தது. அப்பெயரைக் கொண்டு பழைய ஏடுகளைப் புரட்டுவோருக்கு அவை ஒன்றும் சொல்லா. தந்தையின் ஒற்றைப் பெயரைக் கேட்டறிந்த பின்னரே ஏட்டைத் திறக்கவேண்டும். அதைச் சொல்லத்தக்கவர் பலவேளை நம் வீட்டுத் திண்ணையில் செபமாலை உருட்டும் மூதாட்டி ஒருவரே. அவருக்கும் வயது தொண்ணூறை நெருங்குகிறது.