வீட்டில் பதப்படுத்திய உரோமத்தோல்: ஆர்க்டிக் பெண்களின் கைவேலை சொல்லும் வரலாறு

கடல் பயணங்கள் பற்றிய பாடத்தில் கப்பல்களின் பெயர் வரும், தலைவர்களின் பெயர் வரும். அவங்க என்ன உடுத்தியிருந்தாங்க, அதை யார் தைச்சாங்க என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது. மாணவர்களே, இந்த முறை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

வட கனடாவில் கிங் வில்லியம் தீவு இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் இனுவிட் மக்களில் நெட்சிலிக் என்ற பிரிவினர். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 பாகை செல்சியஸ் வரை இறங்கும். பருத்தி விளையாத, ஆடு வளர்க்க முடியாத நிலம். அப்படியானால் உடைக்கு என்ன வழி? கரிபு என்ற துருவ மானின் தோல்தான்.

வேட்டை பெரும்பாலும் ஆண்களின் வேலை. தோலை உடையாக்குவது பெண்களின் வேலை. கோடை முடிந்து குளிர் தொடங்கும் பருவத்தில் கிடைக்கும் தோலையே அவங்க விரும்புவாங்க. அப்போதுதான் உரோமம் அடர்த்தியாகவும் இருக்கும், உடைக்கு அளவாகவும் இருக்கும். தோலை விரித்துக் காயவைத்து, உட்பக்கத்தில் ஒட்டிய சதையையும் சவ்வையும் சுரண்டி எடுப்பாங்க. பிறகு லேசாக ஈரப்படுத்தி, மறுபடியும் சுரண்டி, கையால் கசக்கி இளக்குவாங்க. பிறைநிலா வடிவிலான ‘உலு’ என்ற கத்தி இவர்களுடைய முக்கியக் கருவி. காலணிக்கான தடித்த கடல்நாய்த் தோலைப் பல்லால் மென்றே மிருதுவாக்குவார்கள். வயதான பெண்களின் பற்கள் தேய்ந்துபோக இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. தமிழ்நாட்டில் மரபாகத் தோல் பதனிடும்போது, முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குவார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாறு தோல் அழுகாமல் காக்கும். ஆனால் குளிர் உடைக்கு உரோமம்தான் உயிர். அதை நீக்கக் கூடாது. ஆர்க்டிக்கில் காற்று வறண்டது, குளிரில் தோல் எளிதில் அழுகாது. அதனால் பட்டைச் சாறு இல்லாமலே, காயவைத்து இளக்கினால் போதும். தெற்கே காட்டுப் பகுதிகளில் வாழ்ந்த வட அமெரிக்கப் பழங்குடிகளோ விலங்கின் மூளையைத் தோலில் தேய்த்து, புகையும் காட்டினார்கள். மூளையிலுள்ள கொழுப்பு தோலை இளக்கும். புகை பிடித்த தோல் நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. தட்பவெப்பம் மாறும்போது முறையும் மாறுகிறது, அவ்வளவுதான்.

தைப்பதிலும் நுட்பம் உண்டு. இரண்டு அடுக்கு உடை: உள்சட்டையின் உரோமம் உடம்பைப் பார்த்திருக்கும், வெளிச்சட்டையின் உரோமம் வெளியே பார்த்திருக்கும். கரிபு மயிருக்குள்ளேயே காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. நூலாக மானின் தசைநாரைப் பயன்படுத்தினார்கள். அது நனைந்தால் உப்பும். ஊசித் துளை அடைபட்டு, காலணிக்குள் தண்ணீர் இறங்காது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1845இல் சர் ஜான் பிராங்ளின் தலைமையில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டன. இதே தீவின் அருகே பனியில் சிக்கின. கம்பளித் துணி உடுத்தியிருந்த 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1903இல் நார்வேக்காரர் ரோல்ட் அமுன்ட்சென் ‘யோவா’ என்ற சிறு கப்பலில் அதே தீவுக்கு வந்து, இரண்டு குளிர்காலம் தங்கினார். நெட்சிலிக் மக்களிடம் பொருள் கொடுத்து உரோம உடைகளை வாங்கினார், உடுத்தும் முறையையும் கற்றார். 1906இல் அந்தக் கடல்வழியை முழுதாகக் கடந்தார். 1911 டிசம்பர் 14இல் தென்துருவத்தை அடைந்த பயணத்துக்கும் அவர் உரோம உடைகளைக் கொண்டுபோனார்.

தேர்வில் ஒரு எச்சரிக்கை. “உடை சரியில்லாததால் பிராங்ளின் குழு அழிந்தது” என்று ஒரே வரியில் எழுதிடாதீங்க. பனியில் சிக்கிய கப்பல்கள், நோய், உணவுத் தட்டுப்பாடு எனப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. அமுன்ட்செனின் குழு சிறியது, கப்பலும் சிறியது என்பதையும் சேர்த்து எழுதணும். உடை ஒரு காரணி. அதற்குரிய எடையை மட்டும் கொடுங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. அமுன்ட்செனின் பெயர் பாடநூலில் நிலைத்துவிட்டது. அவர் அணிந்த சட்டையைச் சுரண்டி, மென்று, தைத்த பெண்களின் பெயர் அங்கே இல்லை. “இந்த வெற்றிக்குப் பின்னால் யாருடைய அறிவு இருக்கிறது?” என்று வகுப்பில் கேட்டுப் பாருங்க. பள்ளிக்கூடமும் ஆய்வுக்கூடமும் இல்லாமல், தாயிடமிருந்து மகள் கற்ற அறிவு அது. வீட்டுவேலை என்று நாம் ஒதுக்குவதும் வரலாற்றுச் சான்றுதான் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.