பான்ஜோலேலே வந்த வழி

பான்ஜோலேலேக்குத் தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது. தந்திகளைத் தாங்கும் குதிரை கீழே விழுந்துவிடும். யுகுலேலேயில் குதிரையைப் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இதில் அது தந்திகளின் அழுத்தத்தை நம்பித் தோலின்மேல் சும்மா நிற்கிறது. தண்டியும் நான்கு தந்தியும் யுகுலேலே வீட்டுச் சீதனம். தோல் போர்த்திய வட்ட உடம்பு பான்ஜோ வீட்டுடையது.

தோல்வழிதான் பழையது. செனெகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்றொரு வாத்தியம் உண்டு. சுரைக்குடுக்கை, அதன்மேல் தோல், நீளக் கழி, மூன்று தந்தி. ஒரு தந்தி மட்டும் குட்டை; கட்டைவிரல் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும், தம்புராபோல ஒரே சுரம். இத்தகைய வாத்தியங்களை வாசித்த மக்களைத்தான் அடிமைக் கப்பல்கள் கரிபியனுக்கு அள்ளிக்கொண்டு போயின. விலங்கிட்ட கையில் வாத்தியம் ஏது? மனத்தில் இருந்ததைப் போன இடத்துச் சுரைக்காயில் மறுபடி செய்தார்கள். 1680களின் இறுதியில் ஜமைக்காவில் இருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் அவற்றைக் கண்டு எழுதினார். 1707இல் வந்த அவர் நூலில் படமும் இருக்கிறது. பிறகு, 1830களிலிருந்து ஜோயல் ஸ்வீனி போன்ற வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் பான்ஜோ வாசித்தார்கள். கறுப்பர்களின் வாத்தியத்தை வைத்தே கறுப்பர்களைக் கேலி செய்த அந்த ஆட்டம்தான் அதை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது. எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

மரவழி வேறு கப்பலில் வந்தது. 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்க்ராக்' ஹொனலுலுவைத் தொட்டபோது, போர்த்துக்கலின் மதைரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் அதிலிருந்து இறங்கினார்கள். வந்தவர்களில் மூவர் தச்சர்கள்: நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாண்டோ. ஊரில் வாசித்த மஷேட் என்ற குட்டிக் கிதாரை ஹவாயின் கோவா மரத்தில் இழைக்கத் தொடங்கினார்கள். மன்னர் கலாகாவா அதைத் தம் அரண்மனை விருந்துகளில் ஏற்றிவைத்தார். அதுதான் யுகுலேலே; ஹவாய் மொழியில் அதற்குத் தாவும் தெள்ளுப்பூச்சி என்று பொருள்.

அதன் கட்டைவிரல் பக்கத் தந்தி, எதிர்பார்ப்பதுபோலத் தடித்துக் கீழே ஒலிக்காது, மேல்சுரத்தில் நிற்கும். பான்ஜோவின் ஐந்தாவதான குட்டைத் தந்தியும் அப்படித்தான். உறவே இல்லாத இரு குடும்பங்களுக்கு ஒரே மூக்கு!

1915இல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியின் ஹவாய் அரங்கம் யுகுலேலேயை அமெரிக்காவின் மோகமாக்கியது. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் அந்த மெல்லிய குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. பலகை கனமானது, ஒலியை நிதானமாக விட்டுக்கொடுக்கும். தோலுக்கு எடையில்லை, தந்தியின் வேகத்தை அப்படியே காற்றில் கொட்டிவிட்டு உடனே அடங்கிவிடும். அதனால் ஓசை பெரிது, ஆயுள் குறைவு. அந்தத் தோலை யுகுலேலேக்குப் போர்த்தியதுதான் பான்ஜோலேலே. முதலில் செய்தவர் யார் என்பதில் போட்டி உண்டு. 'பான்ஜுலேலே' என்று பெயர் வைத்து இங்கிலாந்தில் விற்றவர் ஆல்வின் கீச்.

இங்கிலாந்தில் அது வீட்டுக்கு வீடு புகுந்தது. வுட்ஹவுஸின் 1934 நாவலில் பெர்ட்டி வூஸ்டர் இதை விடாமல் வாசிக்க, பணியாள் ஜீவ்ஸ் வேலையையே விட்டுப் போகிறார். லங்காஷையரின் விகன் ஊர்க்காரர் ஜார்ஜ் ஃபார்ம்பி இதே கருவியோடு சினிமாவில் நாட்டின் பெரும் நட்சத்திரமானார். அவருடைய வலது கையைக் கவனிக்க வேண்டும். தாளத்தைப் பிளந்து பிளந்து மீட்டுவார். அத்தனை வேகத்திலும் ஒரு அடி இன்னொன்றோடு கலக்காது. சட்டென்று அடங்கும் தோல்தான் அதற்கு இடம் கொடுத்தது.

அந்தத் தோலுக்கு மழைநாள் ஆகாது. ஈரத்தில் தொய்ந்துவிடும். பறைக்கு நாம் தீ மூட்டுகிறோம். பான்ஜோலேலேக்காரர்கள் சாவியை எடுத்து விளிம்புக் கொக்கிகளை ஒவ்வொன்றாக முடுக்குவார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல்தான், மழைக்கு அஞ்சாது. குதிரையை மட்டும் இன்றும் ஒட்டுவதில்லை.