கெல்டிக் முடிச்சும் சிக்குக் கோலமும்

தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்க வருவோர், பச்சை குத்தும் கடைகளின் மாதிரி ஏடுகளையும் ஒருமுறை புரட்டலாம். கெல்டிக் முடிச்சு என்ற பெயரில் முதலும் முடிவுமற்ற பின்னற்கோடுகள் அவற்றில் காணப்படும்.

பண்டைய கெல்ட் மக்கள் இம்முடிச்சுகளைத் தோலில் குத்திக்கொண்டதற்குச் சான்றில்லை. பிரித்தானியர் உடலில் நீலச்சாயம் பூசினர் என்றே சீசர் எழுதுகிறார். முடிச்சுகளோ, ஏறத்தாழ பொ.ஆ. 800இல் உருவான கெல்ஸ் நூல் போன்ற கிறித்தவச் சுவடிகளுக்குரியவை. அவற்றின் வரைமுறையை 1951இல் ஜார்ஜ் பெயின் நூலாக்கினார்.

தமிழகத்தில் நிலைமை வேறு. இங்கே கோலம் மெய்யாகவே தோலேறியது. மஞ்சளும் அகத்தி இலையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மட்பானையில் படிந்த கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்துப் பச்சை குத்தும் முறையை 1906இல் தர்ஸ்டன் பதிவு செய்தார். குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் பெண்கள். 1937இல் ஜான் லேயார்டு வாசற்கோலத்தையும் பச்சை வடிவங்களையும் ஒருங்கே ஆராய்ந்து, மெலனீசியாவின் மாலெகுலாத் தீவு வரை உறவு கற்பித்தார். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. புள்ளிகளைச் சுற்றி அறுபடாத கோடு இழுத்தால் எந்நாட்டிலும் முடிச்சு பிறக்கும்.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. பாட்டியின் முன்கையில் பட்டிக்காட்டு அடையாளம் எனக் கூசிய பின்னலை, பேரப்பிள்ளைகள் அயர்லாந்தின் பெயரால் விலைகொடுத்துப் பெறுகின்றனர். அம்முன்கைகளின் வடிவங்களைப் பெயர், ஊர், குத்திய வயது ஆகியவற்றோடு படியெடுக்கும் களப்பணிக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.