இந்துஸ்தானி எங்கே போச்சு?

1938-ல் ராஜாஜி 125 பள்ளிகளில் கட்டாயமாக்கியது இந்தி என்றுதானே படித்தோம்? அரசு சொன்ன பெயர் 'இந்துஸ்தானி'. இந்திக்கும் உருதுவுக்கும் பொதுவான பேச்சுமொழி அது. இலக்கணம் ஏறக்குறைய ஒன்றே. எழுத்துதான் வேறு: இந்திக்கு நாகரி, உருதுவுக்கு வலமிருந்து இடமாக ஓடும் பாரசீக எழுத்து. புத்தகத்துக்கு ஏட்டு இந்தியில் 'புஸ்தக்', உருதுவில் 'கிதாப்'. (பேசும்போது இரண்டு பக்கமும் கிதாப்தான்!)

எதிர்ப்பு வலுத்து, 1940-ல் உத்தரவு வாபஸ் ஆனது. பிரிவினைக்குப் பிறகு, 1949-ல் அரசியல் நிர்ணய சபை தேவநாகரி இந்தியைத் தேர்ந்தெடுத்தது. புதுச் சொல் தேவைப்பட்டால் முதலில் சமஸ்கிருதத்தில் எடு என்றது 351-வது பிரிவு. மக்கள் பேசுவது ஒன்று, ஏட்டில் ஒன்று. எனக்கு இது சரியாகப் படவில்லை.

காமர்ஸ் மாணவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கோவிலம்பாக்கம் கடைகளில் காதில் விழும் பாக்கி, வசூல், ரசீது எல்லாம் உருதுவிலும் உள்ள சொற்கள். மேலே நான் எழுதிய 'வாபஸ்' கூட!