சிரிக்காத முகமும் ஒரு ரயில் எஞ்சினும்

மௌனப்பட நகைச்சுவை என்றதும் சாப்ளின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். பஸ்டர் கீட்டன் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். அவரும் கிளைட் பிரக்மனும் சேர்ந்து இயக்கிய 'தி ஜெனரல்' (1926) பார்த்தவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடக்கூடும்.

1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையினர் ஜார்ஜியாவில் ஒரு ரயில் எஞ்சினைக் கடத்திக்கொண்டு ஓடினார்கள். தெற்கத்தியர்கள் துரத்தினார்கள். அந்த நிஜ சம்பவம்தான் கதைக்கு அடிப்படை.

கீட்டனின் பாணி எளிது. கேமராவைத் தள்ளி வைப்பார், ஆபத்து முழுவதும் ஒரே காட்சியில் தெரியும், முகத்தில் மட்டும் சலனமே இருக்காது. காதலி உதறியதும் எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டில் போய் உட்காருவார். எஞ்சின் கிளம்பும். தண்டோடு ஏறி இறங்குவது கூட அவருக்கு உறைக்காது. சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழன்றிருந்தால் உயிரே போயிருக்கும்! எரியும் பாலத்திலிருந்து எஞ்சின் ஆற்றில் விழுவதும் பொம்மை அல்ல, நிஜ எஞ்சின். ஒரே டேக். ஆரிகான் மாநிலத்தில் எடுத்தார்கள். அந்த இரும்பு இரண்டாம் உலகப் போர் வரை ஆற்றிலேயே கிடந்தது.

படம் வசூலில் அடி வாங்கியது. 1928-ல் கீட்டன் எம்.ஜி.எம். நிறுவனத்துக்குப் போனார், சுதந்திரம் போயிற்று. 1989-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே படம் இடம்பெற்றது.

ஒரு நெருடல் மட்டும் உண்டு. கீட்டன் தெற்கத்தியனைத்தான் நாயகனாக்கினார். அந்தப் போருக்குக் காரணமான அடிமை முறையைப் பற்றி படம் வாயே திறக்கவில்லை.