புல்கட்டி வீடு பிறந்த கதை

1887ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கஸ்டர் கவுண்டி. குடியானவர் குடும்பங்களைப் படம் பிடிக்க ஊர் ஊராக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சாலமன் புட்சர், ஹில்டன் குடும்பத்தின் வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டு அம்மாளுக்குக் கிழக்கே இருந்த சிநேகிதர்களுக்குப் படம் அனுப்ப ஆசை. ஆனால் புல்கட்டி வீடு மட்டும் படத்தில் விழக் கூடாது. அவ்வளவு வெட்கம்!

அந்த வீடு பிறந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். 1862இல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கர் வரை நிலம் தந்தது. சொற்பக் கட்டணம் கட்டி, வீடு போட்டு, உழுது பயிரிட்டு, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்தால் பட்டா. ஆனால் அந்த மண்ணுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பானி போன்ற பூர்வகுடிகளிடமிருந்து பறிபோன நிலம்தான் அது.

வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, மரம் கிடைக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. பலகைக்கும் வழியில்லை, செங்கல் சூளை வைக்க விறகும் இல்லை. ஆனால் புல்லின் வேர்கள் பாய் பின்னியதுபோல் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்த மண்ணையே வெட்டிச் செங்கல்லாக்கினார்கள்.

அதற்கென்றே ஒரு கலப்பை வந்தது. மண்ணை உடைக்காமல், ஓரடி அகலத்தில், நாலு அங்குலக் கனத்தில் பட்டை பட்டையாகச் சீவித் தரும். அதை மண்வெட்டியால் மூன்றடித் துண்டுகளாக நறுக்கி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சுவரின் கனமே இரண்டு, மூன்றடி. 16க்கு 20 அடி வீட்டுக்கு அரை ஏக்கர் புல்தரை வேண்டும்.

கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. கூரைதான் வில்லங்கம். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். குடை பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்ற கதைகள் பல குடும்பங்களில் உண்டு. மேலிருந்து மண்ணும் சில நேரம் பாம்பும் விழும் என்று கூரைக்கடியில் துணி கட்டினார்கள். அடுப்பெரிக்க, மேய்ச்சலில் கிடந்து காய்ந்த சாணம்; நம் வறட்டியேதான், தட்டும் வேலை மட்டும் இல்லை.

ரயில் வந்து பலகையும் வந்ததும், புல்கட்டி வீடுகள் கவனிப்பாரின்றி மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாயின.

ஹில்டன் அம்மாளின் ஆசையை புட்சர் நிறைவேற்றினார். வீட்டிலிருந்த ஆர்கன் என்ற இசைப்பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வரச்செய்து, அதைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தார். புல்கட்டி வீட்டுக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்று எடுத்துக் காட்டப்படும் படங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படத்தில் ஆர்கன் இருக்கிறது, கால்நடைகள் இருக்கின்றன, வீடு இல்லை.