பிடோங் தீவு: ஸ்நோர்க்கலிங் போகுமுன் ஒரு வரலாற்றுப் பாடம்



பருவமழை ஓய்ந்து கடல் அமைதியானால் திரெங்கானு தீவுகளுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். ரெடாங், பெர்ஹெந்தியான் உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது பிடோங் தீவுக்கும் ஸ்நோர்க்கலிங் போகிறார்கள். மெராங் படகுத்துறையில் விசைப்படகு ஏறி, முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் மிதந்தால், கீழே பவளப்பாறையும் வண்ண மீன்களும். பிள்ளைகள் கரையேறவே மாட்டாங்க!

ஆனால் இந்தத் தீவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது நம் நாட்டு வரலாறு. அதைச் சொல்லாமல் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது, புத்தகத்தின் அட்டையை மட்டும் காட்டிவிட்டு மூடுவதற்குச் சமம்.

1975 ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. வியட்நாம் போர் முடிந்தது. ஆனால் மக்களின் அச்சம் முடியவில்லை. பழைய அரசில் வேலை செய்தவர்கள், வணிகர்கள், சீன வம்சாவளியினர் எனப் பலரும் மீன்பிடிப் படகுகளில் ஏறிக் கடலைக் கடந்தார்கள். வழியில் புயல், பசி, தாகம், கடற்கொள்ளையர். எத்தனை பேர் கரை காணாமலே போனார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை.

தப்பி வந்தவர்களுக்காக 1978 ஆகஸ்டில் பிடோங்கில் முகாம் திறக்கப்பட்டது. தீவின் பரப்பளவு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி மேடு. சமதரை கொஞ்சம். முகாம் திட்டமிடப்பட்டது 4,500 பேருக்கு. 1979 ஜூனில் அங்கே இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 40,000!

எப்படி வாழ்ந்தாங்க? உடைந்த படகுகளின் பலகை, பிளாஸ்டிக் விரிப்பு, தட்டி நிமிர்த்திய தகர டின் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு மூன்று அடுக்குக் குடிசைகள் கட்டிக்கொண்டார்கள். விறகுக்கும் வீட்டுக்கும் குன்றின் மரங்கள் வெட்டப்பட்டன. குடிநீர் போதாமல் பெருநிலத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் மலேசிய செம்பிறைச் சங்கமும் உணவும் மருந்தும் வழங்கின. அகதிகளும் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குள் குழுக்கள் அமைத்து முகாமை நடத்தினார்கள். வழிபாட்டிடங்கள் எழுப்பினார்கள். எந்த நாடு அழைக்குமோ என்று ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் வகுப்பு நடந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். இடம் கொடுத்த அதே மலேசியா, 1979-இல் பல படகுகளைக் கரையேற விடாமல் மீண்டும் கடலுக்கே இழுத்துவிட்டது. வந்தவர்களை மற்ற நாடுகள் விரைவாக ஏற்காவிட்டால் நாங்கள் மட்டும் எத்தனை காலம் தாங்குவது என்பது அரசின் வாதம். 1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டுக்குப் பிறகே மேலை நாடுகள் கூடுதலாக ஏற்க முன்வந்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எனப் பல நாடுகளுக்கு அவர்கள் புறப்பட்டார்கள். மலேசியாவில் கரையேறிய வியட்நாமியர் மொத்தம் சுமார் 250,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு பிடோங்தான் வாசல். 1991 அக்டோபரில் முகாம் மூடப்பட்டது.

ஆட்கள் போனதும் காடு மீண்டும் வளர்ந்தது. இன்று கரையில் இறங்கி நடந்தால் கல்லறைகளும் முகாமின் எச்சங்களும் தெரியும். அவற்றைப் பார்க்க, வெளிநாடுகளில் பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட முன்னாள் அகதிகள் இன்னும் வருகிறார்கள்.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோகலாம்? முதலில், தரையில் சாக்குக்கட்டியால் ஒரு சதுர மீட்டர் வரையுங்கள். 40,000 பேரைத் தீவு முழுவதும் சமமாகப் பரப்பினாலே ஒருவருக்கு 25 சதுர மீட்டர்தான். குன்றைக் கழித்தால் என்ன ஆகும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்க. அடுத்து, தங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறி மலாயா வந்த கதையை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். பிழைப்புத் தேடி வந்த பயணத்துக்கும் உயிர் தப்ப வந்த பயணத்துக்கும் என்ன வேறுபாடு, என்ன ஒற்றுமை என்று அவர்களே பேசட்டும். மூன்றாவதாக ஒரு கேள்வி: ‘கரையில் நின்றது நீயாக இருந்தால், படகை விட்டிருப்பாயா, தள்ளியிருப்பாயா?’ விடையை நாம் சொல்ல வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்போம்.

பிடோங்கில் பிள்ளைகள் தாராளமாக நீந்தட்டும், மீன்களைப் பார்த்து மகிழட்டும். பவளத்தை மிதிக்காதே என்று சொல்லும்போதே, கல்லறைப் பக்கம் போனால் சத்தம் போடாதே என்றும் சொல்லிவையுங்கள். ஏன் என்று கேட்பார்கள். பாடம் அங்கேதான் தொடங்கும்.